இன்டெல் எந்த ரகம்? நான்கு வருடமும் மூன்று லட்சமும்

என்விடியா வாங்கினேன், ஆப்பிள் வாங்கினேன், பணம் பெருகியது என்று சொல்பவர்கள் நம்மைச் சுற்றி நிறைய இருக்கிறார்கள். சறுக்கத் தொடங்கிவிட்ட ஒரு நம்பர் ஒன் கம்பெனியை வாங்கி, விற்கவும் மனசில்லாமல் வைத்திருக்கவும் தைரியமில்லாமல் முழித்த கதையை யாரும் சொல்வதில்லை. நான் கம்ப்யூட்டர் சிப் செய்கிற இன்டெல் கம்பெனியின் பங்குகளை 2020 ஆகஸ்ட்டில் வாங்க ஆரம்பித்து 2024 செப்டம்பரில் முழுக்க விற்று வெளியே வந்தேன். போட்டது ஏறக்குறைய 9,800 டாலர், அன்றைய மதிப்பில் ஏழே கால் லட்ச ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். டிவிடெண்டையும் (கம்பெனி லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் காசு) சேர்த்துத் திரும்பி வந்தது நான்கு லட்சத்துச் சொச்சம். மீதி மூன்று லட்சம் போனது போனதுதான். இதே மாதிரி ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொண்டு இன்று முழித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், ஏன் வாங்கினேன். 2020 ஜூலை 23 அன்று காலாண்டு முடிவு சொல்லும்போது, 7 நானோமீட்டர் சிப்புகள் (எண் சிறிதாக ஆக நவீனமான தொழில்நுட்பம்) ஆறு மாதம் தள்ளிப்போகின்றன, யீல்ட், அதாவது செய்ததில் தேறுகிற பங்கு, திட்டமிட்டதைவிட ஒரு வருடம் பின்தங்கியிருக்கிறது என்று இன்டெல் அறிவித்தது. மறுநாள் பங்கு 16 சதவீதம் விழுந்தது. அறுபது டாலரில் இருந்தது ஐம்பதுக்கு வந்துவிட்டது. கணக்கைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். அந்த வருடம் முடிந்தபோது விற்பனை சுமார் 78 பில்லியன் டாலர், நிகர லாபம் 21 பில்லியனுக்குப் பக்கத்தில், மொத்த மார்ஜின், அதாவது விற்பனையில் தயாரிப்புச் செலவு போக மிஞ்சுவது, 56 சதவீதம். ஒரு பங்குக்கு ஐந்து டாலர் சம்பாதிக்கிற கம்பெனி ஐம்பது டாலருக்குக் கிடைக்கிறது. பி.இ. பத்து, அதாவது விலை ஒரு வருட லாபத்தின் பத்து மடங்கு. 49 டாலர் வாக்கில் முதல் தவணை வாங்கினேன்.

என் அக்கா வீட்டுக்காரர் ஆடிட்டர். அவரிடம் சொன்னபோது, "மாப்ளே, இதை எதுக்காக வாங்கறீங்க? டிவிடெண்டுக்கா, வளர்ச்சிக்கா, இல்ல விழுந்தது எந்திரிக்கும்னா?" என்று கேட்டார். "மூணுக்கும்தான் மாமா" என்றேன். அவர் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அந்தக் கேள்வியில்தான் எல்லாமே இருந்தது. ஒரு பங்கு எந்த ரகம் என்று முடிவு செய்யாவிட்டால், எந்தச் செய்தி நல்லது, எந்தச் செய்தி கெட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. அசையாத ஜாம்பவான் என்று வாங்கியிருந்தால் சந்தைப் பங்கு குறைகிற முதல் சேதியிலேயே கவலைப்பட வேண்டும். சைக்ளிக்கல், அதாவது சந்தையின் சுற்றோடு லாபம் ஏறி இறங்குகிற பங்கு, என்று வாங்கியிருந்தால் லாபம் சரிவதைக் கண்டு பயப்படவே கூடாது. சொல்லப்போனால் அந்த ரகத்தில் பி.இ. குறைவாகத் தெரியும்போதுதான் ஆபத்து, ஏனென்றால் அது லாபத்தின் உச்சம். டர்ன்அரவுண்ட், அதாவது விழுந்த கம்பெனி எழும் என்ற நம்பிக்கை, என்றால் கையில் எத்தனை வருடத்துக்குக் காசு இருக்கிறது, எந்தத் தேதிக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. சொத்து மதிப்புக்காக வாங்கினால் அந்தச் சொத்தை வாங்க ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் இந்த நான்கிலும் ஒவ்வொன்றாகக் குடியேறினேன். ஒவ்வொரு முறையும் காரணம், முந்தைய ரகம் பொய்த்துப்போனது.

அந்த நாளில் எனக்கு ஆறுதலாக இருந்தது பழைய சரித்திரம். 2003-ல் போட்டிச் சிப் கம்பெனியான ஏஎம்டி ஆப்டெரான் சிப்பைக் கொண்டுவந்து சர்வர் சந்தையில் இன்டெலை நன்றாகவே அடித்தது. 2006-ல் கோர் வரிசை வந்ததும் இன்டெல் எழுந்துகொண்டது. அதற்கும் முன்னால், 1985-ல் ஜப்பான் கம்பெனிகளோடு போட்டி போட முடியாமல் மெமரி சிப் தொழிலையே விட்டுவிட்டு மைக்ரோபிராசசருக்கு முழுதாக மாறிய கம்பெனி அது. விழுந்து எழுவது அவர்களுக்குப் பழக்கம்தானே என்று நினைத்தேன். 2006-க்கும் 2020-க்கும் இருந்த வித்தியாசத்தை இங்கே கொஞ்சம் நின்று சொல்லியாக வேண்டும். 2003-ல் இன்டெலுக்குப் பழுதானது டிசைன். தொழிற்சாலை உலகத்திலேயே முதலிடத்தில்தான் இருந்தது. டிசைன் தப்பானால் இரண்டு மூன்று வருடத்தில் வேறு டிசைன் போடலாம். 2020-ல் பழுதானது தொழிற்சாலையே. 2016 வாக்கில் வந்திருக்க வேண்டிய 10 நானோமீட்டர் 2019-ல்தான் பெரிய அளவில் வெளிவந்தது. அதற்குள், மற்றவர்களுக்குச் சிப் செய்து தருகிற தைவானின் டிஎஸ்எம்சி முந்திவிட்டது, ஏஎம்டி தன் சிப்புகளை அங்கே கொடுத்துச் செய்துகொண்டது. ஈயூவி இயந்திரம் (சிப்பில் மிக நுண்ணிய கோடுகளை ஒளியால் பதிப்பது) செய்கிற ஏஎஸ்எம்எல் கம்பெனியில் 2012-லேயே பணம் போட்டது இன்டெல். ஆனால் அந்த இயந்திரத்தால் செய்த இன்டெல் சிப் கடைக்கு வந்தது 2023 டிசம்பரில்.

நான் பம்ப்செட் தயாரிக்கிற கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறவன், வார்ப்படம் வாங்குவதுதான் என் வேலை. யீல்ட் என்பது எனக்குப் புதிதில்லை. நூறு கேசிங் ஊற்றி எழுபதுதான் தேறுகிறது என்றால் அந்த முப்பதின் உலைச் செலவும் கூலியும் தேறிய எழுபதின் தலையில்தான் விழும். அது முதல் நஷ்டம். இரண்டாவது நஷ்டம் மெதுவாக வரும். ரிஜெக்‌ஷன் தாங்காமல் பேட்டர்னை (வார்ப்புக்கான மாதிரி அச்சு) தூக்கி வேறு வார்ப்படச்சாலைக்குக் கொடுத்துவிட்டோம் என்றால், சாம்பிள் அப்ரூவல், மெஷினிங் பிக்ஸ்சர் எல்லாம் அங்கே பழகிவிடும். பழைய ஆள் ரிஜெக்‌ஷனைச் சரிசெய்துவிட்டேன் என்று வந்து நின்றாலும் உடனே திரும்பிப் போக மாட்டோம். 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்போடு மேக் கணினிகளை விற்க ஆரம்பித்தது, அமேசான் 2018-லிருந்தே தன் கிராவிட்டன் சர்வர் சிப்பை வைத்திருந்தது. பேட்டர்ன் வெளியே போய்க்கொண்டிருந்தது. ஆகவே சறுக்குகிற நம்பர் ஒன்னைப் பார்த்தால் நான் இப்போது முதலில் கேட்பது: கெட்டுப்போனது அவர்கள் விற்கிற பொருளா, அல்லது அந்தப் பொருளைச் செய்கிற திறமையா? மைக்ரோசாஃப்ட் 2014-க்கு முந்தைய பத்து வருடம் தூங்கி வழிந்தது என்பார்கள். அப்போதும் விண்டோஸையும் ஆஃபீஸையும் விட்டு அலுவலகங்கள் ஓடிவிடவில்லை. வாடிக்கையாளர் இருக்கும்வரை கம்பெனிக்கு அவகாசம் உண்டு.

2021 பிப்ரவரியில் பேட் கெல்சிங்கர் சிஇஓவாக வந்தார். பதினெட்டு வயதில் இன்டெலில் சேர்ந்து முப்பது வருடம் இருந்த எஞ்சினியர். நிதித் துறையிலிருந்து வந்த சிஇஓ போய் எஞ்சினியர் வருகிறார் என்றதும் எல்லாருக்கும் போல எனக்கும் உற்சாகம். அரிசோனாவில் 20 பில்லியனுக்கு இரண்டு ஃபேப் (சிப் தொழிற்சாலை), மற்றவர்களுக்கும் சிப் செய்து தருகிற தொழில், நான்கு வருடத்தில் ஐந்து தலைமுறைத் தொழில்நுட்பம் என்று வரிசையாக அறிவிப்புகள். அக்டோபரில், அடுத்த இரண்டு மூன்று வருடங்களுக்கு மார்ஜின் 51 முதல் 53 சதவீதம்தான் இருக்கும் என்றார்கள், பங்கு ஒரே நாளில் கிட்டத்தட்ட 12 சதவீதம் இறங்கியது. நான் இரண்டாம் தவணை வாங்கினேன். மறுபடியும் 49 டாலர். விலை அதே, ஆனால் வாங்கிய பொருள் வேறு. 2020-ல் வாங்கியது, லாபத்தின் பத்து மடங்கு விலையில் கிடைத்த ஜாம்பவான். 2021-ல் வாங்கியது, தொழிற்சாலை கட்டக் கடன் வாங்கப்போகிற ஒரு டர்ன்அரவுண்ட். என் எக்ஸெல் ஷீட்டில் இரண்டும் ஒரே வரியில், ஒரே ஆவரேஜ் விலையோடு உட்கார்ந்திருந்தன. ஒரே பங்கைத் தவணை தவணையாக வாங்கி ஆவரேஜ் செய்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: இரண்டாம் முறை வாங்கும் காரணம் முதல் காரணத்திலிருந்து மாறியிருந்தால் அதைத் தனி வரியில் எழுதுங்கள். அப்போதுதான், முதல் தவணையை எதற்கு இன்னும் வைத்திருக்கிறோம் என்ற கேள்வி கண்ணில் படும்.

2022-ல் கம்ப்யூட்டர் விற்பனை படுத்தது. கொரோனா காலத்தில் வாங்கிக் குவித்துவிட்டார்கள், இனி இரண்டு வருடம் வாங்க மாட்டார்கள் என்பது ஊரறிந்த சங்கதி. எனக்கு அது வசதியாகப் போயிற்று. ஓ, இது சைக்ளிக்கல்தான், சுற்று திரும்பினால் விலையும் திரும்பும் என்று சொல்லிக்கொண்டேன். ஜூலையில் வந்த காலாண்டு முடிவில் விற்பனை 22 சதவீதம் இறங்கி, 454 மில்லியன் டாலர் நஷ்டம். இதை சைக்கிள் என்று நம்புகிறவர்கள் ஒரு சின்ன சோதனை செய்யலாம், காசு செலவில்லை. அதே காலாண்டுக்கான போட்டியாளரின் அறிக்கையைத் திறந்து, அதே பிரிவை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்டெலின் டேட்டா சென்டர் விற்பனை 16 சதவீதம் குறைந்த அந்த மூன்று மாதத்தில் ஏஎம்டியின் டேட்டா சென்டர் விற்பனை 83 சதவீதம் கூடியிருந்தது. ஊருக்கே மழை இல்லை என்றால் சைக்கிள். பக்கத்துக் காட்டில் மட்டும் பெய்கிறது என்றால் வேறு கதை. கம்ப்யூட்டர் பிரிவில் அடுத்த காலாண்டில் ஏஎம்டிக்கும் அடி விழுந்தது, அது உண்மையான சைக்கிள். சர்வர் பிரிவில் நடந்தது இடம் பறிபோவது. மொத்த விற்பனையை மட்டும் பார்த்தால் இரண்டும் கலந்து ஒன்றாகத் தெரியும்.

அடுத்த அடையாளம் டிவிடெண்ட். காலாண்டுக்கு 36.5 சென்ட் வந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் 25 சதவீதம் வரி பிடித்தது போக மீதி கணக்கில் விழும்போது ஒரு சின்ன சந்தோஷம். ஆனால் 2022-ல் தொழிலிலிருந்து வந்த காசு 15 பில்லியன் சொச்சம். ஃபேப் கட்டுவதற்குப் போனது சுமார் 25 பில்லியன். அதற்கு மேலே டிவிடெண்ட் 6 பில்லியன். பள்ளிக்கூடக் கணக்குதான், எனக்கு வந்த டிவிடெண்ட் கடன் காசு. 2023 பிப்ரவரி 22 அன்று அதை 12.5 சென்ட்டாக வெட்டினார்கள். நான் பாதியை விற்றேன், 25 டாலருக்கு மேலே கொஞ்சம். வீட்டில் அன்றுவரை சொல்லவில்லை. அன்று இரவு சொன்னேன். மனைவி திட்டவில்லை. "மீதிப் பாதியை எதுக்கு வெச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. பாதி விற்பது என்பது முடிவெடுக்காமல் இருப்பதற்கு நாம் கண்டுபிடித்த கௌரவமான வழி.

உண்மையான சித்திரவதை விலை விழுந்தபோது இல்லை, ஏறியபோதுதான். 2023 முழுவதும் ஏஐ மோகத்தில் எல்லாச் சிப் பங்குகளும் ஏற, இன்டெலும் டிசம்பர் கடைசியில் 50 டாலரைத் தொட்டது. என் வாங்கிய விலை! பாதியை 25-க்கு விற்ற கோபம் வேறு. பார்த்தாயா, டர்ன்அரவுண்ட் நடக்கிறது என்று நானே எனக்குச் சொன்னேன். அந்த வருடம் கம்பெனி ஒரு பங்குக்குச் சம்பாதித்தது வெறும் 40 சென்ட். 2020-ல் ஐந்து டாலர் சம்பாதித்தபோது இருந்த அதே விலை. விலை திரும்பி வந்திருந்தது, தொழில் திரும்பி வரவில்லை. டர்ன்அரவுண்ட் என்று நம்புகிற பங்கில் விலை ஏற்றத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது.

எதை ஆதாரமாக எடுப்பது? 2024 ஏப்ரலில் இன்டெல் தன் தொழிற்சாலைப் பிரிவின் கணக்கை முதல்முறையாகத் தனியாகப் பிரித்துக் காட்டியது. 2023-ல் அந்தப் பிரிவின் இயக்க நஷ்டம் 7 பில்லியன் டாலர். வெளியாட்களுக்குச் சிப் செய்து கொடுத்து வந்த வருமானம் ஒரு பில்லியன்கூட இல்லை. தொழில்நுட்ப மைல்கல் தொட்டோம், கையெழுத்துப் போட்டோம் என்ற அறிவிப்புகளை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு, வெளியிலிருந்து காசு கொடுத்து வாங்குகிற வாடிக்கையாளரின் வருமானம் காலாண்டுக்குக் காலாண்டு கூடுகிறதா என்ற ஒற்றை வரியைப் பார்த்தால் போதும். நான்கு வருடத்தில் ஐந்து தலைமுறை என்ற திட்டத்தில் 20ஏ என்ற ஒன்று இருந்தது. 2024 செப்டம்பரில் அதை உற்பத்திக்கே கொண்டுவராமல் விட்டுவிட்டார்கள். திட்டப்பட்டியலில் ஒரு வரியை அடிப்பது சுலபம். வாடிக்கையாளர் பில்லை அப்படி அடித்தெழுத முடியாது.

2024 ஆகஸ்ட் 2, வெள்ளிக்கிழமை. காலையில் எழுந்து போனைப் பார்த்தால் இரவோடு இரவாக முடிவு வந்திருந்தது. 1.6 பில்லியன் நஷ்டம், ஊழியர்களில் 15 சதவீதத்துக்கு மேல் ஆட்குறைப்பு, டிவிடெண்ட் நிறுத்தம். அமெரிக்கச் சந்தை நமக்கு மாலை ஏழு மணிக்குத்தான் திறக்கும். அதுவரை ஒன்றும் செய்ய முடியாது. ஆபீசில் சப்ளையர் ஒருவர் விலை ஏற்றித் தரச்சொல்லி அரைமணி நேரம் பேசினார், ஒரு வார்த்தை என் காதில் ஏறவில்லை. ஏழு மணிக்குத் திறந்ததும் சரிந்தது, 26 சதவீதம் இறங்கி 21.48-ல் முடிந்தது. ஏறக்குறைய ஐம்பது வருடத்தில் அந்தப் பங்கு காணாத ஒருநாள் வீழ்ச்சி.

அன்று இரவுகூட நான் விற்கவில்லை என்றால் நம்புவீர்களா? கடைசி ரகம் ஒன்று பாக்கி இருந்தது. விலை இப்போது புத்தக மதிப்புக்கும் கீழே, அதாவது கட்டிடத்தையும் இயந்திரத்தையும் விற்றாலே இதைவிட அதிகம் வரும், ஆகவே இது சொத்துப் பங்கு! சில வாரம் இந்த நினைப்போடு இருந்தேன். அப்புறம் வேறு ஒரு வேலையாகப் பழைய லேத் ஒன்றை விற்க ஆள் தேடியபோதுதான் உறைத்தது. புத்தகத்தில் இருக்கிற விலைக்கு எவன் வாங்குவான்? சிப் இயந்திரத்துக்கு உலகத்தில் வாங்குகிறவர்களே நாலைந்து பேர். செப்டம்பரில் 20 டாலர் வாக்கில் மீதியையும் விற்றேன். அக்டோபர் 31 அன்று வந்த முடிவில் 15.9 பில்லியன் டாலர் சொத்து மதிப்பை இன்டெலே குறைத்து எழுதி, 16.6 பில்லியன் நஷ்டம் காட்டியது. புத்தக மதிப்பு என்று நான் பிடித்துத் தொங்கியதில் ஒரு பகுதி ஒரே நாளில் புத்தகத்தை விட்டே போய்விட்டது.

பணக் கணக்கில் நம்மூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள். டிவிடெண்டை விட்டுப் பார்த்தால், டாலரில் எனக்கு நஷ்டம் பாதிக்கு மேல், ரூபாயில் பாதிக்குச் சற்றுக் குறைவு. நடுவில் டாலர் 75-லிருந்து 84-க்கு ஏறியதுதான் காரணம். ரூபாயில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பங்கின் நோய் முழுதாகத் தெரியாது. வெளிநாட்டுப் பங்கை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் வருவது நீண்டகால நஷ்டம். அதை நீண்டகால மூலதன லாபத்தோடு மட்டுமே கழிக்கலாம், எட்டு வருடம் எடுத்துச் செல்லலாம், ஆனால் வருமான வரிக் கணக்கைக் கெடு தேதிக்குள் போட்டிருந்தால்தான். நஷ்டம்தானே, எதற்குக் காட்டுவது என்று விட்டுவிடாதீர்கள். பங்கு ஒன்றே ஒன்று இருந்தாலும் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்டியே ஆகவேண்டும், அது நிதியாண்டுப்படி இல்லாமல் காலண்டர் ஆண்டுப்படி. அமெரிக்காவில் பிடித்த டிவிடெண்ட் வரிக்கு இங்கே சலுகை கேட்க அப்போது படிவம் 67 போட வேண்டியிருந்தது. முதல் வருடம் நான் அதைப் போடவில்லை, சில ஆயிரம் ரூபாய் அப்படியும் போயிற்று.

இதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2024 டிசம்பரில் கெல்சிங்கர் வெளியேறினார், 2025 மார்ச்சில் லிப்-பு டான் சிஇஓவாக வந்தார். ஆகஸ்டில் அமெரிக்க அரசே 20.47 டாலர் விலையில் பத்து சதவீதத்துக்குப் பக்கமாகப் பங்கு எடுத்தது. செப்டம்பரில் என்விடியா 5 பில்லியன் போடுகிறேன் என்றதும் ஒரே நாளில் 20 சதவீதத்துக்கு மேல் ஏறியது. வருடம் முடியும்போது 35 டாலருக்கு மேல். "அவசரப்பட்டு வித்துட்டியேடா" என்று நண்பன் ஒருவன் இன்னும் கேலி செய்கிறான். செய்யட்டும். இருபதுக்கு விற்றபோது என்னிடம் இருந்த நான்கு காரணங்களும் காலியாகிவிட்டிருந்தன. அரசாங்கம் வந்து தூக்கி நிறுத்தும் என்பது என் காரணங்களில் ஒன்றாக எப்போதுமே இருந்ததில்லை. அந்த விலையேற்றத்தில் எனக்குப் பங்கு கேட்க நியாயமில்லை.

இப்போது இன்டெல் என் கவனிப்புப் பட்டியலில் இருக்கிறது, புதிய பங்காக. பக்கத்தில் 'டர்ன்அரவுண்ட், அரசு ஆதரவோடு' என்று எழுதி, கீழே மூன்று நிபந்தனை வைத்திருக்கிறேன். தொழிற்சாலைப் பிரிவின் வெளி வருமானம் தொடர்ந்து ஏற வேண்டும், தொழிலிலிருந்து வரும் காசு கட்டுமானச் செலவைத் தாண்ட வேண்டும், சர்வர் பிரிவு ஏஎம்டியைவிட மெதுவாக வளர்ந்தாலும் சரி, ஏஎம்டி வளரும்போது இது சுருங்கக் கூடாது. மூன்றில் இரண்டு நிறைவேறினால் சின்ன அளவில் வாங்குவேன், விலை அப்போது அறுபதாக இருந்தாலும் பரவாயில்லை. மாமாவிடம் இந்தத் தாளைக் காட்டினேன். மூன்றாவது நிபந்தனைக்கு எதிரே பென்சிலால் 'எந்தக் காலாண்டுக்குள்?' என்று எழுதிக் கொடுத்தார். அதற்கு இன்னும் தேதி போடவில்லை.